சுமை குறைந்த விமானமும் மிஞ்சிய பலமும்

2001ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி. கட்டுநாயக்கா விமான நிலையத்தின் மீதான தாக்குதல் நடந்து சில மாதங்களே கடந்திருந்தன. செப்டெம்பர் 11 சம்பவமும் சேர்ந்துகொள்ள, விமானப் பயணம் என்றாலே மக்கள் அஞ்சிய காலம் அது. செய்திப் பணி ஒன்றின் நிமித்தம் நான் சென்னைக்குப் புறப்பட்டேன். விமானத்தில் ஏறியபோது எனக்கு முன்னும் பின்னும் வெற்று இருக்கைகளே வரிசை வரிசையாகக் கிடந்தன. பயணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

ஓடுபாதையில் விமானம் ஓடத் தொடங்கிய விதமே வழமைக்கு மாறாக இருந்தது. முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்துவது போன்ற உணர்வு. வழக்கத்தில் பாதி தூரம்கூட ஓடியிராது, மூக்கு உயர்ந்தது. உயர்ந்தது என்றால், நான் அண்ணாந்து படுத்திருப்பதாகவே எண்ணும் அளவுக்கு உயர்ந்தது. நீர்கொழும்பின் தென்னந்தோப்புகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே சுருங்கிப் போயின. பக்கத்து வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கைகூப்பி முருகனை அழைத்தார். உள்ளூர எனக்கும் அதே எண்ணந்தான். விமானிக்கு ஏதோ நேர்ந்துவிட்டது, அல்லது கீழேயிருந்து வரக்கூடிய ஆபத்தொன்றுக்கு அஞ்சி அவர் விரைகிறார் என்றே நினைத்தேன். காலமும் அப்படிப்பட்டதுதான்.

சில காலம் கழித்து, விமானப் பராமரிப்புப் பொறியியலாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "வெறும் லொறி மேட்டில் ஏறுவதைப் பார்த்ததில்லையா? உங்கள் விமானத்தில் ஆட்களும் இல்லை, எண்ணெயும் இல்லை. சென்னைக்குப் போக எவ்வளவு எண்ணெய் வேண்டும்? அது ஏறாமல் என்ன செய்யும்?" என்றார். பிறகு ஒரு நிமிடம் பேசாமலிருந்துவிட்டு, "ஆனால் அந்தப் பலம் ஏறி விளையாடுவதற்காக வைத்ததல்ல. அதை மறந்தவர்கள் செத்திருக்கிறார்கள்" என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. பயணிகள் விமானம் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு மிஞ்சிய பலம்? அது எப்போது, யாரால் கொடுக்கப்பட்டது? அதை மறந்தவர்கள் யார்? இந்தக் கேள்விகளுக்கு இத்தனை ஆண்டுகளில் வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தொகுத்து எழுதுவதே இப்பத்தியின் நோக்கம்.

*

ஜெற் யுகத்தின் தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. உலகின் முதலாவது ஜெற் பயணிகள் விமானமான டி ஹவிலண்ட் கொமற், 1952 மே 2ஆம் திகதி லண்டனிலிருந்து ஜொகனஸ்பேர்க் நோக்கிப் பயணிகளுடன் புறப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்புக்கும் கொமற் சேவை தொடங்கியது. இலங்கையர் ஜெற் விமானத்தைக் கண்டது இவ்வாறு மிக முந்திய காலத்திலேயே எனலாம். பார்வைக்குப் பேரழகான விமானம் அது. ஆனால் பலம் குறைந்தது. சுமார் 48 தொன் எடையுள்ள விமானத்தை அதன் நான்கு இயந்திரங்களும் சேர்ந்து சுமார் 9 தொன் விசையுடனேயே தள்ளின. எடையில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு.

பலம் குறைந்த விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் என்ன நிகழும் என்பதைக் கொமற் இருமுறை காட்டியது. 1952 ஒக்டோபரில் ரோம் நகரின் சம்பீனோ விமான நிலையத்தில் ஒரு கொமற் ஓடுபாதையில் மூக்கை உயர்த்தியது. ஆனால் நிலத்தை விட்டு எழ அதனால் முடியவில்லை. உயர்ந்த மூக்கினால் காற்றின் இழுவை அதிகரிக்க, அதை வெல்லும் விசை இயந்திரங்களில் இல்லாதுபோயிற்று. விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று சிதைந்தது. உயிரிழப்பு ஏற்படவில்லை. 1953 மார்ச் 3ஆம் திகதி கராச்சியில் இதே கதை மீண்டும் நிகழ்ந்தபோது விமானத்திலிருந்த 11 பேரும் மாண்டனர். ஜெற் விமானமொன்றில் பயணித்தோர் உயிரிழந்த முதலாவது விபத்து அதுவே. இரண்டு தடவையும் குற்றம் விமானிகள் மீதே சுமத்தப்பட்டது. பின்னர் கொமற்றின் இறகு முனையே திருத்தி அமைக்கப்பட்டது.

அக்காலத்து ஏனைய ஜெற் விமானங்களும் பெரிதும் மேம்பட்டவை அல்ல. போயிங் 707 விமானத்தின் தொடக்ககால வகைகள் முழுச் சுமையுடன் எழும்புவதற்கு இயந்திரங்களினுள் நீரைப் பீச்சியடித்து விசையைக் கூட்ட வேண்டியிருந்தது. அதனால் எழுந்த கரும்புகை பழைய ஒளிப்படங்களில் இன்றும் காணக்கிடைக்கிறது. வெப்ப மண்டலத்தின் நண்பகல் வேளையில் நீண்ட ஓடுபாதையின் கடைசி அங்குலம்வரை ஓடி, தயங்கித் தயங்கி மேலெழுவதே அக்காலப் பயணிகளுக்கு வழமையாக இருந்தது.

*

எனினும் சுமையை இறக்கிவிட்டால் இதே விமானங்கள் வேறொரு பிறவி எடுத்தன. அதை உலகுக்குக் காட்டியவர் டெக்ஸ் ஜோன்ஸ்டன் என்ற அமெரிக்கச் சோதனை விமானி.

போயிங் நிறுவனம் 1 கோடியே 60 இலட்சம் டொலர் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, 707இன் முன்னோடியான 'டேஷ் 80' என்ற ஒரேயொரு விமானத்தைக் கட்டியிருந்தது. 1954 ஜூலை 15ஆம் திகதி அது முதன்முறையாகப் பறந்தது. பயணிகள் விமான நிறுவனங்கள் அதை வாங்குமா என்பது நிச்சயமில்லை. நிறுவனத்தின் எதிர்காலமே அந்த ஒற்றை விமானத்தின் மேல் வைக்கப்பட்டிருந்தது. 1955 ஓகஸ்டில் சியாட்டில் நகரின் வொஷிங்டன் ஏரியில் படகோட்டப் பந்தயம் நடைபெற்றது. கரையில் பெருங்கூட்டம். விமானப் போக்குவரத்துத் துறையின் பிரமுகர்கள் பலர் போயிங் தலைவர் பில் அலனின் விருந்தினராக வந்திருந்தனர். ஏரியின் மேலாக டேஷ் 80ஐ ஒருமுறை தாழப் பறந்து செல்வதே ஜோன்ஸ்டனுக்கு இடப்பட்ட பணி.

அவர் தாழப் பறந்து வந்தார். மூக்கை உயர்த்தினார். ஏறிக்கொண்டிருக்கும்போதே நான்கு இயந்திரங்களைக் கொண்ட அந்தப் பெரும் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி மறுபக்கம் நிமிர்த்தினார். போதாதென்று திரும்பி வந்து இரண்டாவது முறையும் புரட்டினார். தலைகீழான விமானத்தினுள்ளிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று இன்றும் உண்டு. இயந்திரங்கள் இறகுக்கு மேலே நிற்க, நிலம் வானத்தின் இடத்தில் தெரிகிறது. பில் அலன் அருகிலிருந்தவரிடம் இதய நோய்க்கான மாத்திரை கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. மறுநாள் அழைத்து விளக்கம் கேட்டபோது, விமானம் விற்றுக்கொண்டிருந்தேன் என்ற கருத்தில் ஜோன்ஸ்டன் பதிலளித்தார். அவருடைய வேலை பறிபோகவில்லை. ஆனால் இனிமேல் அப்படிச் செய்யக்கூடாதென்று கட்டளையிடப்பட்டது. அந்த விமானம் இப்போது வொஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அரும்பொருளகத்தில் ஓய்வெடுக்கிறது.

இருக்கைகளோ சரக்கோ இல்லாத, சோதனைக் கருவிகள் மட்டுமே கொண்ட விமானம் அது. ஜோன்ஸ்டன் அதனை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். புரளும்போது விமானத்தின் உடலுக்கு வழமையான பாரத்துக்கு மேல் எதுவும் ஏறாத வகையில் அதைச் செலுத்தினார். இந்த இரண்டும் சேர்ந்ததனாலேயே அது வித்தையாக முடிந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று நாம் அதை விபத்தாகவே நினைவுகூர்ந்திருப்போம்.

*

இனி நண்பர் சொன்ன 'வெறும் லொறி' கணக்குக்கு வருவோம். அது மிக எளிது. இயந்திரங்களின் உந்துவிசையிலிருந்து காற்றின் இழுவையைக் கழிக்க வேண்டும். எஞ்சுவதை எடையால் வகுக்க வேண்டும். வருவதே விமானம் ஏறக்கூடிய சரிவு. எடை பாதியானால் சரிவு இரட்டிப்பாகும். இழுவையும் சேர்ந்து குறைவதால் சிலவேளை அதற்கும் மேலே போகும்.

இந்த மிஞ்சும் பலத்தைப் பெருக்கியது இரட்டை இயந்திர விமானங்களின் வருகை. இதற்குப் பின்னால் இருப்பது ஒரு பாதுகாப்புச் சட்டம். விமானம் முழுச் சுமையுடன் எழும்பும்போது, மிக மோசமான கணத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனாலும், எஞ்சியவற்றைக் கொண்டே அது தொடர்ந்து ஏற வேண்டும். சக்கரங்களை உள்ளிழுத்த பின்னர் இரட்டை இயந்திர விமானம் குறைந்தது 2.4 வீதச் சரிவில் ஏற வேண்டும்; அதாவது 1,000 மீற்றர் முன்னே செல்கையில் 24 மீற்றராவது உயர வேண்டும். நான்கு இயந்திர விமானத்துக்கு இது 3 வீதம்.

நான்கு இயந்திரங்களில் ஒன்று நின்றால் கால்வாசி விசைதான் போகும். இரண்டில் ஒன்று நின்றால் பாதி போய்விடும். எனவே ஒற்றை இயந்திரத்துடன் முழுச் சுமையைத் தூக்கவல்ல விமானத்துக்கு, இரண்டும் இயங்கும்போது தேவையைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விசை கையிலிருக்கும். 1994 முதல் கொழும்பிலிருந்து ஐரோப்பா நோக்கிப் பறந்த எயர்பஸ் ஏ340 விமானத்தில் நம்மவர் பலர் ஏறியிருப்பர். நான்கு இயந்திரங்களைக் கொண்ட அந்த விமானம் மெல்ல மெல்லவே ஏறும். பூமி உருண்டையாக இருப்பதால்தான் அது நிலத்தை விட்டு விலகுகிறது என்று விமானிகள் கேலி பேசுவதுண்டு. இயந்திரங்கள் எத்தனை என்பதல்ல, ஒன்று போனால் எவ்வளவு மிஞ்சும் என்பதே கணக்கு.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு போயிங் 757. 1982இல் முதன்முதலாகப் பறந்து, 2004இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை 1,050 விமானங்கள் கட்டப்பட்டன. ரோல்ஸ் ரொய்ஸ் இயந்திரங்கள் இரண்டு சேர்ந்து, நிலத்தில் நிற்கும்போது சுமார் 36 தொன் விசை தரும். விமானத்தின் உச்ச எடை சுமார் 115 தொன். அதாவது எடையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான விசை. அதே விமானம் ஒருசில பயணிகளுடனும் ஒரு மணிநேரப் பயணத்துக்கான எரிபொருளுடனும் புறப்பட்டால் எடை 70 தொன்னுக்கும் கீழே நிற்கும். அப்போது விசை எடையில் பாதியைத் தாண்டிவிடும். வேகம் கூடும்போது விசை சற்றுக் குறையும், இழுவையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாலும், ஏறும் சரிவு முன்னதைவிட இருமடங்குக்கு மேலாகும்.

அப்படியானால் நாம் ஏன் இதை அடிக்கடி உணர்வதில்லை? விமானிகள் முழு விசையைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என்பதே விடை. எடை, வெப்பநிலை, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, போதுமான அளவுக்கு விசையைக் குறைத்தே எழும்புகிறார்கள். இயந்திரத்தின் ஆயுள் கூடும்; பராமரிப்புச் செலவும் குறையும். ஆக, அந்த மிஞ்சிய பலம் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் உறங்குகிறது.

*

அது விழித்தெழுவதை விமானக் கண்காட்சிகளில் காணலாம். 2015இல், பரிஸ் கண்காட்சிக்கு முன்பாக, வியட்நாம் எயர்லைன்ஸ் வர்ணம் பூசிய போயிங் 787-9 விமானம் நடத்திய ஒத்திகையின் காணொளி உலகெங்கும் பரவியது. விமானம் ஓடுபாதையிலிருந்து ரொக்கெற் போல் நேரே மேலே போவதாகவே தோன்றியது. அன்றிரவு செய்திப் பிரிவில் பொறுப்பாக இருந்தவன் நான். 'செங்குத்தாக விண்ணில் பாய்ந்த பயணிகள் விமானம்' என்ற தலைப்பைப் போட்டு அனுப்பியதும் நானே.

அது தவறான தலைப்பு. படமெடுத்த கோணமும் தொலைவிலிருந்து நெருக்கிக் காட்டும் வில்லையும் சேர்ந்து செய்த மாயம் அது. எந்தப் பயணிகள் விமானத்துக்கும் தன் எடைக்குச் சமமான உந்துவிசை கிடையாது. எனவே செங்குத்தாக ஏறிக்கொண்டே இருக்க எதனாலும் முடியாது. வழமையான பயணத்தில் மூக்கு சுமார் 15 பாகை உயரும். வெறும் விமானம் 25 பாகை, அதற்கு மேலும் உயர்ந்து சில விநாடிகள் நிற்கும். அவ்வளவுதான். ஆனால் 25 பாகையே கண்ணுக்குச் செங்குத்தாகத் தெரியும். 2001இல் என் கண்ணுக்கும் அப்படித்தானே தெரிந்தது! அடுத்த நாள் எவரும் திருத்தம் கேட்கவில்லை. நானும் போடவில்லை. இப்பத்தியில் பல ஆண்டு தாமதித்து அதைப் போடுகிறேன்.

இன்னும் செங்குத்தாக ஏறும் விமானங்களும் உண்டு. எடையின்மைப் பயிற்சிக்காக நாசா பயன்படுத்திய கேசி-135 விமானமும், பிரான்சின் போர்தோ நகரிலிருந்து 1997 முதல் 2014 வரை பறந்த எயர்பஸ் ஏ300 விமானமும், அதன் பின்னர் 2015இல் சேவைக்கு வந்த ஏ310 விமானமும் அத்தகையவை. இவை மூக்கை 45 பாகைக்கும் மேலாக உயர்த்தி, பின் எறிந்த கல்லைப் போல் வளைந்து வீழும். அந்த இடைவெளியில் சுமார் 22 விநாடிகளுக்கு உள்ளிருப்போர் எடையின்றி மிதப்பர். 'அப்பொலோ 13' திரைப்படத்தின் மிதக்கும் காட்சிகள் இவ்வாறே நாசா விமானத்தில் எடுக்கப்பட்டன. பயிற்சி பெறுவோரின் வயிற்றைக் கலக்கியதனால் அந்த விமானத்துக்கு 'வாந்திக் கொமற்' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. இங்கே விமானத்தை மேலே தூக்குவது இயந்திரபலம் மட்டுமன்று. முன்னமே சேர்த்துவைத்த வேகம் உயரமாக மாற்றப்படுகிறது. சேமிப்பை எடுத்துச் செலவு செய்வது போன்றது அது. செலவு முடிந்ததும் வீழ்ந்தே ஆக வேண்டும். எப்போது முடியும் என்பதை அந்த விமானிகள் விநாடிக் கணக்கில் அறிந்து வைத்திருக்கின்றனர்.

அறியாதவர்களின் கதையும், அறிந்திருந்தும் தவறியவர்களின் கதையும் இனி வருகின்றன.

*

1994 ஜூன் 30ஆம் திகதி, பிரான்சின் துலூஸ் நகரம். எயர்பஸ் ஏ330 என்ற இரட்டை இயந்திரப் பெருவிமானம் அப்போது புதிது. எழும்பியவுடன் ஓர் இயந்திரம் நின்றால் தன்னியக்கச் செலுத்தி எவ்வாறு சமாளிக்கிறது என்பதைப் பரிசோதிக்க அன்று ஒரு பறப்பு. தலைமை வகித்தவர் நிக் வோணர், எயர்பஸ் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி. உலகில் அந்த விமானத்தை அவரைவிட நன்கறிந்தவர் இருந்திருக்க முடியாது.

விமானம் முழு விசையுடன் எழும்பியது. மூக்கு 25 பாகையைத் தாண்டியது. செல்ல வேண்டிய உயரமாகத் தன்னியக்கச் செலுத்திக்கு 2,000 அடி என்று கொடுக்கப்பட்டிருந்தது. பயணிகளற்ற விமானம் அந்த அளவு விசையுடன் ஏறினால் 2,000 அடி என்பது சில விநாடிகளில் வந்துவிடும் உயரம். ஆகவே, தன்னியக்கச் செலுத்தியை இயக்கியதுமே அது குறித்த உயரத்தில் சென்று நிற்பதற்கான நிலைக்கு மாறிவிட்டது. அந்த நிலையில் மூக்கு எவ்வளவு உயரலாம் என்ற கட்டுப்பாடு அதற்கு இருக்கவில்லை. அதே நேரம், திட்டமிட்டபடி இடது இயந்திரத்தின் விசை குறைக்கப்பட்டது. பாதி பலம் போயிற்று. மூக்கு மட்டும் கீழிறங்கவில்லை. வேகம் விநாடிக்கு விநாடி கரைந்தது. விமானம் இடப்புறம் சரிந்தது. மறு இயந்திரத்தின் விசையையும் குறைத்து வோணர் அதை நிமிர்த்தப் போராடினார். ஏறிய உச்சமே சுமார் 450 மீற்றர். நிமிர்த்துவதற்கு அந்த உயரம் போதவில்லை. விமானத்திலிருந்த ஏழு பேரும் மாண்டனர்.

அளவுக்கு மீறிய தன்னம்பிக்கையையும் விசாரணையாளர் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டனர். உயரத்தைப் பிடிக்கும் நிலையிலும் மூக்கைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அந்த விபத்தின் பின்னரே விமானத்தின் கணினிக்குச் சேர்க்கப்பட்டது. இன்று நாம் ஏறும் ஏ330 விமானத்தில் அந்த ஏழு உயிர்களின் விலை அடங்கியுள்ளது.

பத்து ஆண்டுகளின் பின்னர், 2004 ஒக்டோபர் 14ஆம் திகதி இரவு, அமெரிக்காவில் இன்னொரு வெறும் விமானம். பினக்கிள் எயர்லைன்ஸுக்குச் சொந்தமான, 50 பேர் செல்லக்கூடிய சிறு ஜெற் விமானத்தை லிட்டில் ரொக் நகரிலிருந்து மினியாபொலிஸ் நகருக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. உள்ளே இருவர் மட்டுமே. தலைமை விமானிக்கு 31 வயது. துணை விமானிக்கு 23.

புறப்பட்டது முதலே அவர்கள் விமானத்தின் மூக்கைத் திடீர்த் திடீரென உயர்த்தி விளையாடினர். 33,000 அடியில் செல்வதற்குத் திட்டமிடப்பட்டிருந்த பயணம் அது. அவர்களோ 41,000 அடிக்குச் செல்ல அனுமதி கேட்டனர். அந்த விமான வகையின் உச்ச எல்லை அது. அந்த உயரத்தைத் தொட்ட விமானிகள் தம்மிடையே தம்மை ஒரு 'கழகமாக'ச் சொல்லிக்கொள்வதுண்டாம். இந்த வகை விமானமொன்றை அவ்வளவு உயரத்தில் கண்டு தரைக் கட்டுப்பாட்டாளர் வியந்து கேட்டபோது, பயணிகள் இல்லாததால் கொஞ்சம் வேடிக்கை பார்க்க மேலே வந்தோம் என்ற பொருளில் பதில் கிடைத்தது.

இங்கேதான் அந்த எளிய கணக்கின் மறுபக்கம் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. காற்று மெலிந்தால் இயந்திரத்தின் விசையும் குறைகிறது. நிலத்தருகே வீரியத்தோடு பாய்ந்த அதே வெறும் விமானம் 41,000 அடியில் மூச்சு வாங்கியது. நிமிடத்துக்கு 500 அடி ஏறு என்று தன்னியக்கச் செலுத்திக்குக் கட்டளையிட்டிருந்தனர். அது கட்டளையை நிறைவேற்றியது. ஆனால் வேகத்தை விலையாகக் கொடுத்து. மேலே சென்று சேர்ந்தபோது மிதப்பதற்குப் போதிய வேகம் இல்லை. இறகுகள் காற்றின் பிடியை இழந்தன. விமானம் நிலைகுலைந்தது. இயந்திரங்கள் இரண்டும் அணைந்தன. மீண்டும் அவற்றை இயக்குவதற்குத் தேவையான வேகத்தில் அவர்கள் கீழிறங்கவில்லை. உட்பாகங்கள் சுழலாமல் இறுகிப்போயின. இரண்டும் நின்றுவிட்டன என்பதை உடனடியாகத் தரைக்குச் சொல்லவும் இல்லை. ஒன்று மட்டுமே போய்விட்டது என்றனர். உடனே சொல்லியிருந்தால் மிதந்து சென்று இறங்கக்கூடிய விமான நிலையங்கள் அருகில் இருந்தன. சுமார் 20 நிமிடங்கள் இருளில் இறங்கி, ஜெபர்சன் சிற்றி ஓடுபாதையை எட்டுவதற்குச் சில கிலோமீற்றர் முன்பாக விமானம் வீழ்ந்தது. இருவரும் உயிரிழந்தனர். கீழே எவருக்கும் காயமில்லை.

அந்த 23 வயது இளைஞனை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபத்தைவிடத் துயரமே மேலிடுகிறது. சுமையில்லாத சைக்கிளில் இரு கைகளையும் விட்டு ஓடிய வயது நம் எல்லோருக்கும் இருந்தது.

*

இவை பயணிகளில்லாத விமானங்கள். பயணிகள் இருந்தும் எடை குறைந்திருந்ததால் நிகழ்ந்த அனர்த்தங்களே எனக்கு அதிக அச்சமூட்டுகின்றன.

தரையிறங்க வரும் விமானம் எரிபொருளைச் செலவழித்து இளைத்திருக்கும். இறங்க முடியாமல் மீண்டும் மேலெழ நேர்ந்தால், விமானி முழு விசையைக் கேட்பார். இளைத்த விமானம் சீறிப் பாயும். மூக்கு தானாகவே உயரும். இரவிலோ முகிலினுள்ளோ கண்ணுக்கு அடிவானம் தெரியாது. அப்போது காதினுள்ளிருக்கும் சமநிலைப் புலன் ஒரு பொய் சொல்லும். முன்னோக்கிய வேகவளர்ச்சியை அது மூக்கு இன்னும் மேலே போகிறது என்று உணர்த்தும். அதை நம்பும் விமானி மூக்கைக் கீழே அழுத்துவார். நிலமோ மிக அருகில் இருக்கும்.

2013 நவம்பர் 17ஆம் திகதி இரவு, ரஷ்யாவின் கசான் நகரில் போயிங் 737 விமானமொன்று இவ்வாறே தரையிறங்காது மேலெழுந்தது. மூக்கு 25 பாகை உயர்ந்தது, வேகம் வீழ்ந்தது, விமானி மூக்கை அழுத்தினார், விமானம் நிலத்தில் குத்தியது. 50 பேரும் மாண்டனர். 2016 மார்ச் 19ஆம் திகதி அதிகாலை, துபாயிலிருந்து ரஷ்யாவின் ரொஸ்தோவ் நகருக்கு வந்த இன்னொரு 737, மோசமான வானிலையில் சுமார் இரண்டு மணிநேரம் வானில் காத்திருந்தது. காத்திருந்த ஒவ்வொரு நிமிடமும் அதன் எடை குறைந்தது. இரண்டாவது முயற்சியும் கைகூடாமல் முழு விசையுடன் மேலெழுந்தபோது, மூக்கை அடக்கப் போராடிய விமானி அளவுக்கு மீறி அழுத்திவிட்டார். 62 பேரில் எவரும் பிழைக்கவில்லை. இவ்விரு விமானங்களின் இயந்திரங்களும் பழுதற்றவை. பலம் குறைந்து வீழ்ந்தவை அல்ல. பலம் மிகுந்து வீழ்ந்தவை.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்களும் இருந்தனர். கசான் விபத்துக்குச் சில மாதங்கள் முன்பாக, 2013 ஓகஸ்டில், பிரெஞ்சு விமான விபத்து விசாரணைப் பணியகம் இத்தகைய மேலெழுதல்களை ஆராய்ந்து அறிக்கை ஒன்றை வெளியிட்டது. தேவைக்கு மிஞ்சிய விசையைக் கட்டுப்படுத்தும் வழியை விமானங்களிலேயே அமைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. போயிங் 737இல் தன்னியக்க விசைக்கட்டுப்பாடு இயங்கும்போது மேலெழும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மிதமான விசையும், மறுமுறை அழுத்தினால் முழு விசையும் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. எயர்பஸ் நிறுவனமும் மென்மையாக மேலெழும் முறையொன்றைத் தன் புதிய விமானங்களில் சேர்த்துள்ளது. விமானத்துக்குப் பலம் தேடிய காலம் போய், அந்தப் பலத்துக்குக் கடிவாளம் தேடும் காலம் வந்திருக்கிறது.

*

கராச்சியில் மாண்ட 11 பேர் பலமில்லாத விமானத்தின் பலிகள். ரொஸ்தோவில் மாண்ட 62 பேர் பலம் மிஞ்சிய விமானத்தின் பலிகள். இடையில் 63 ஆண்டுகள். இந்த இடைவெளியில் பயணிகள் விமானம் எவ்வளவோ பாதுகாப்பானதாக மாறிவிட்டது என்பதில் ஐயமில்லை. அந்தப் பாதுகாப்பைத் தந்த காரணங்களுள் ஒன்றே இந்த மிஞ்சிய பலமும். ஓர் இயந்திரம் நின்ற பின்னரும் நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து விமானம் ஏறுகிறது என்றால், அது இந்தச் சேமிப்பினால்தான்.

ஊரில் நெல் அறுவடை முடிந்ததும் விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பார்கள். வீட்டில் உலை ஏறாத நாளிலும் அந்த மூட்டையில் கைவைக்க மாட்டார்கள். விமானத்தின் மிஞ்சிய பலமும் அத்தகையதுதான். அது இருக்கிறதென்பதே நமக்குத் தெரியாமலிருப்பது நல்ல விமானியின் அடையாளம்.

அடுத்த முறை பாதி வெறுமையான விமானத்தில் நீங்கள் பயணம் செய்ய நேர்ந்து, அது வழமையைவிடச் சற்றுச் செங்குத்தாக ஏறினால் அஞ்ச வேண்டாம். விமானத்துக்கும் விமானிக்கும் எதுவும் நேர்ந்துவிடவில்லை. சுமை குறைந்திருக்கிறது, அவ்வளவே. அன்று கைகூப்பிய அந்த முதியவரிடம் இதைச் சொல்லும் அறிவு எனக்கு அப்போது இருக்கவில்லை. சென்னையில் இறங்கும்போது அவர் என்னைப் பார்த்து, "தம்பி, முருகன் காப்பாற்றிப் போட்டார்" என்றார். நானும் தலையாட்டினேன்.